ஓரத்தில் இருந்த கை

"இந்த ஆபீஸையே என் பொண்டாட்டி ஒத்தக் கையால தாங்கிப் பிடிச்சவ, மாப்ள."

கோப்பறையைப் பார்த்துக்கொள்ளும் ரிக்கார்டு மாமா இதைச் சொல்லாத நாள் இல்லை. பழைய தாள்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்ற ஒப்பந்தம் எடுத்து வந்திருந்த மருமகன் மாமியாரைப் பார்த்ததே இல்லை. கல்யாணத்துக்கு முன்பே அவள் இறந்துவிட்டாள்.

"நாலு மாடி, மாமா. கை வலிக்கலையாமா?"

மாமா சொல்வதில் பாதி கதை, மீதி அதைவிடப் பெரிய கதை. அவர் கோப்பறையில் தும்மினால் பக்கத்துத் தெருவில் மழை என்று துணி எடுப்பார்களாம். ஆனால் இது மட்டும் நடந்தது. நகல் எடுக்கும் மெஷினின் மூடி உடைந்து, புது மூடி கேட்டுக் கேட்டே ஒரு யுகம் போனது. அதுவரை அங்கே நகல் எடுக்கும் வேலையில் இருந்த அவர் மனைவிதான் சுருளும் தாளை இடது கையால் கண்ணாடியில் அழுத்திப் பிடித்து நகல் எடுத்தாள். அலமாரி அலமாரியாக, ஒவ்வொரு நகலின் ஓரத்திலும் அவள் விரல்களும் பதிந்திருந்தன. உள்பக்கம் வளைந்த சுண்டுவிரல்.

"ஓரத்தை மட்டும் விட்டுடுங்களேன், மாப்ள."

"ஓரம் வெள்ளையா இருக்கணும்னு ஒப்பந்தம், மாமா. கறையை மெஷினே துடைச்சிடும். அங்க அப்படி என்ன இருக்கு?"

வண்டி வண்டியாகப் பொய் இறக்கிய வாய்க்கு இந்த ஓர் உண்மை வரவில்லை.

கடைசிக் கட்டு அன்று ஸ்கேன் செய்யும் வேலையாள் வராததால் மருமகனே உட்கார்ந்தான். ஸ்கேன் ஆன தாளை, ஒப்பந்தப்படி, உடனே துணுக்குத் துணுக்காகக் கிழிக்கும் மெஷினுக்குள் கொடுத்துவிட்டுத்தான் திரையைப் பார்த்தான்.

"இவ எப்போ இங்க வந்தா?"

காலையில் அவனுக்குச் சட்டைப் பொத்தான் தைத்துக் கொடுத்த அதே சுண்டுவிரல்.

"உங்க வீட்டுக்காரி இல்ல, மாப்ள. அவ அம்மா."

நிறுத்தும் பொத்தானை அவன் தேடுவதற்குள் திரை ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது. கடைசியில் சுண்டுவிரல் மட்டும் நின்றது. பிறகு அதுவும் இல்லை. மாமா காலி அலமாரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மருமகன் கூடையிலிருந்து ஒரு பிடி தாள்துணுக்கை அள்ளினான். விரலிடுக்கில் எல்லாம் உதிர்ந்தது.

"எல்லாத் தாள்லயுமா, மாமா?"

"எல்லாத்துலயும்."



"நீங்க சொன்னது நிஜம்தான், மாமா. ஒத்தக் கையாலதான் பிடிச்சிருக்காங்க."