சுவரோரக் கட்டில்

அவருக்கும் பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கூட வேலை செய்பவர்கள் முப்பது வருடமாக பீரோ என்றுதான் கூப்பிடுகிறார்கள். வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது தொழில். மூன்றாவது மாடியிலிருந்து ஒரு பீரோவை ஒற்றை ஆளாக இறக்கிய தோள் அது. கடைசியில் அதைக் கிழித்தது எந்தப் பீரோவும் இல்லை, நாற்பத்தைந்து கிலோ மனைவி. பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்துபோய்ப் படுத்தவளை இரண்டு வருடம் தூக்கிக் குளிப்பாட்டி, தூக்கி உட்கார வைத்ததில் வலது தோளில் தசைநார் அறுந்துவிட்டது. அவள் இருந்தவரை ஆபரேஷன் பேச்சை எடுத்தாலே எரிந்து விழுவார். அவள் போய் நான்கு மாதம் கழித்துத்தான் மகள் பிடிவாதமாகக் கொண்டுவந்து சேர்த்தாள்.

மயக்க மருந்து டாக்டர் கழுத்தோரம் ஓர் ஊசி போட்டார். “கைக்குப் போற நரம்பை மரத்துப்போக வைக்கிறோம். நாளைக்குக் காலைல வரைக்கும் வலி தெரியாது. குரல் கொஞ்சம் கம்மும், பயப்படாதீங்க.”

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மத்தியானம் வார்டில் கண் விழித்ததும், பட்டையில் கட்டியிருந்த வலது கையை இடது கையால் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது, கனமாக இருந்தது, தன்னுடையதாக மட்டும் இல்லை.

“யார் கைம்மா இது? மாத்தி ஒட்டிட்டீங்களா?” என்றார் கம்மிய குரலில்.

“யாராவது கேட்டு வந்தா குடுத்துடலாம், அதுவரைக்கும் பத்திரமா வச்சிருங்க,” என்று நர்ஸ் சிரித்துக்கொண்டே போனாள்.

மகள் வந்து வலப்பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “அப்பா, உங்க கையைப் பிடிச்சுட்டுதான் இருக்கேன். தெரியுதா?” என்றாள்.

தெரியவில்லை. குனிந்து பார்த்தபோதுதான், அவள் விரல்கள் தன் விரல்களோடு கோத்திருப்பது கண்ணில் பட்டது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசலில் காத்திருந்த பெண். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

“தெரியுதும்மா.”

சொல்லி வாயை மூடுவதற்குள் மனைவியின் கட்டில் நினைவுக்கு வந்தது.

புரண்டு கீழே விழுந்துவிடக் கூடாதென்று மனைவியின் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டவர் அவர்தான். சுவர் வலப்பக்கம். ஸ்டூல் போட மிச்சமிருந்தது இடப்பக்கம். வேலை முடிந்து வந்ததும் அந்த இடது கையைத்தான் எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். “பிடிச்சிருக்கேன், தெரியுதா?” என்று கேட்பார். “தெரியுதுங்க” என்பாள். மரத்துப்போன கைக்குத் தன்னால் உணர்ச்சி வந்துவிட்டதாகச் சக வேலைக்காரர்களிடம் பீற்றிக்கொண்டதும் உண்டு. அவள் போன அன்று காலையிலும் கேட்டார். அன்றும் அதே பதில்தான்.

ஆனால் ஒவ்வொரு தடவையும் அவள் முதலில் குனிந்து கையைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுத்தான் சொல்வாள்.

ஊரார் வீட்டுக் கட்டில்களை எத்தனை தடவை திருப்பிப் போட்டிருப்பார் இந்த மனுஷன்! சொந்த வீட்டில் ஒரு கட்டிலைத் திருப்ப ஐந்து நிமிஷம் ஆகுமா? உணர்ச்சியுள்ள அவளுடைய வலது கை இரண்டு வருடமும் சுவரைத் தடவிக்கொண்டு கிடந்தது. தடவித் தடவி அங்கே கறுப்பாக அழுக்குப் படிந்திருந்தது. போன மாதம்தான் அதன்மேல் பெயின்ட் அடித்தார்.

கண்ணீர் காதுக்குள் இறங்கியது. மகள் பதறி எழுந்தாள்.

“வலிக்குதாப்பா? ஊசி விட்டுடுச்சா? நர்ஸைக் கூப்பிடவா?”

“வலியெல்லாம் இல்லம்மா. நீ இந்தப் பக்கம் வந்து உட்காரு.”

அவள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு இடப்பக்கம் வந்தாள். “ஏம்ப்பா, அங்கயும் நான் பிடிச்சுக்கிட்டுதானே இருந்தேன்?”

அவர் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“அங்க தெரியலம்மா,” என்றார். “உங்கம்மாவுக்கும் தெரிஞ்சிருக்காது.”