லிஃப்ட் ஓடாத ஏழு மாதம்

புதன்கிழமை மதியம் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு மில்லியின் ஐந்து வருட உழைப்பு திரையிலிருந்து காணாமல் போனது. பன்னிரண்டு விநாடிதான். பிறகு ஒன்றுமே நடக்காதது போலத் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அந்தப் பன்னிரண்டு விநாடிக்குள் அவள் எல்லா ஒயரையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தாகிவிட்டது.

மில்லி என்பது லேபில் வைத்த பெயர். மனித இதயம் தோலின் மேல் காட்டும் மின்சாரம் ஏறக்குறைய ஒரு மில்லிவோல்ட்தான். அதைத் துரத்திப் பிடிப்பதே பிழைப்பாகத் திரிந்த இந்த ஒல்லிப் பெண்ணுக்கு வேறு பெயர் எதற்கு என்று ஆய்வுக்குழுவில் யாரோ முடிவு செய்துவிட்டார்கள். வீட்டில் வைத்த பெயரை வருகைப் பதிவேடு மட்டும்தான் இப்போது ஞாபகம் வைத்திருக்கிறது.

அவள் செய்தது ஒரு நாற்காலி. சாய்ந்துகொள்ளும் இடத்தில் இரண்டு உலோகத் தகடுகள், அவற்றின் பின்னால் உள்ளங்கை அகலத்தில் ஒரு சர்க்யூட் போர்டு. உட்கார்ந்தால் போதும். சட்டையைக் கழற்ற வேண்டாம், பசை தடவ வேண்டாம், ஒயர் ஒட்ட வேண்டாம். துணிக்கு மேலேயே இதயத் துடிப்பைப் பிடித்து அலையாகக் காட்டிவிடும். இப்படிப்பட்ட நாற்காலிகளைச் செய்ய எத்தனையோ லேப்களில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். சுற்றியுள்ள மின்கருவிகளின் இரைச்சலில் துடிப்பு மூழ்கிப் போவதுதான் எல்லோருக்கும் தலைவலி. புது போர்டு வந்த பிறகு மில்லியின் நாற்காலிக்கு அந்தத் தலைவலி இல்லை, எங்கே போட்டாலும் ஓடும் என்று இருநூற்றுப் பத்துப் பக்கத்தில் அவளுடைய ஆய்வேடு சொல்கிறது.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு வைவா, ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு. அது முடிந்தால் முனைவர் பட்டம். பட்டம் கிடைத்தால் அடுத்த மாதம் ஒன்றாம் தேதி ஒரு மருத்துவக் கருவி நிறுவனத்தில் வேலை. அவளுடைய அப்பா அதற்குள் தெருவில் பாதிப் பேரிடம் "என் பொண்ணு டாக்டர்" என்று சொல்லிவைத்துவிட்டார். அதில் சிலர் காய்ச்சலுக்கு மாத்திரை கேட்கவே தொடங்கிவிட்டார்கள்.

புதன்கிழமை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது ஸ்டோர் அக்கா. அக்காவின் கையெழுத்து இல்லாமல் அந்தத் துறையில் ஒரு திருகாணிகூட அலமாரியை விட்டு வெளியே வராது. ஆனால் மில்லி கூப்பிட்டால் சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு வந்து, கோயில் சிலை மாதிரி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து கொடுப்பாள். ஆய்வேட்டில் "நபர் 1" என்று வரும் அத்தனை அலைகளும் அக்காவின் நெஞ்சில் எழுந்தவை.

அலை நொறுங்கிப் போன அதே நேரத்தில் பின்சுவருக்கு அப்பாலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்டது. அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது.

"கேட்டியா? லிஃப்ட்டு மோட்டாரு! ஏழு மாசம் கழிச்சு அதுக்கு உயிர் வந்திருக்கு. இனிமே என் முட்டி தப்பிச்சுது."

லேப் இருக்கும் நாலாவது மாடிக்கு ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறுகிறவள் அவள். ஒவ்வொரு வளைவிலும் கைப்பிடியைப் பிடித்து நின்று, முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, மறுபடி ஏறுவாள். அவள் சந்தோஷப்பட எல்லா நியாயமும் இருந்தது. மில்லிக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அக்கா, இன்னும் அரைமணி நேரம் உக்காருவீங்களா?"

அரைமணி நேரத்தில் மெக்கானிக் மூன்று தடவை லிஃப்டை ஓட்டிப் பார்த்தார். மூன்று தடவையும் அலை நொறுங்கியது. மோட்டார் நின்றதும் மூன்று தடவையும் சமர்த்தாகத் திரும்பி வந்தது. தற்செயல் என்று சொல்லித் தப்பிக்க வழியே இல்லை.

அக்கா போன பிறகு மில்லி ஒரு காரியம் செய்தாள். ஏழு மாதத்துக்கு முன் உதவாது என்று ஒதுக்கிய பழைய போர்டை அலமாரியின் அடியிலிருந்து எடுத்து மாட்டி, தானே நாற்காலியில் உட்கார்ந்தாள். பழைய போர்டும் துல்லியமாக வேலை செய்தது. புதுசுக்கும் பழசுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆக, புது போர்டு எந்தக் கெட்டிக்காரத்தனமும் செய்யவில்லை. அதை மாட்டிய வாரத்தில் லிஃப்ட் நின்றிருக்கிறது. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு.

குழுவில் பதினொரு பேர். எல்லோரும் இரைச்சலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள். எல்லோருக்கும் நல்ல கால்கள். லிஃப்ட் நின்றதே பாதிப் பேருக்குத் தெரியாது.

வியாழக்கிழமை காலையில் மில்லி தன் ஆய்வு வழிகாட்டியான புரொஃபசரின் அறை வாசலுக்கு மூன்று தடவை போனாள். முதல் தடவை சார் போனில் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை கதவு பாதி திறந்திருந்தது. மூன்றாவது தடவை அவரே நிமிர்ந்து பார்த்து, "என்ன மில்லி, பயமா? நம்ம நாற்காலி நம்மளக் கைவிடாது, போ" என்றார். அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. 'ஒரு ஆறு மாதம் தள்ளிப் போடு' என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் அவள் வாயை அடைத்துவிட்டது. வேலை போகும், அப்பாவின் மானம் போகும்.

மதியம் சாப்பிடாமல் கீழே இறங்கிப் போனாள். லிஃப்ட் மெக்கானிக் தரைத்தளத்தில் கதவைத் திறந்து வைத்து, கைவிளக்கைப் பல்லில் கடித்தபடி ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எப்போ ஓட விடப்போறீங்க?"

"வேலை முடிஞ்ச மாதிரிதான்மா. ஏன், அவசரமா?"

"அவசரம் இல்லண்ணே." குரல் அவளுக்கே கேட்கவில்லை. "ஒரு ரெண்டு நாள்... சனிக்கிழமைக்குத் தள்ளிப் போட முடியுமா? நாளைக்கு மேல ஒரு முக்கியமான பரீட்சை இருக்கு."

மெக்கானிக் விளக்கை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"இதுக்கா இப்படித் தயங்கித் தயங்கி நிக்கிறீங்க? உங்க சார் நேத்தே சொல்லிட்டாரே, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் ஓட்டக்கூடாதுன்னு. நேத்து ஓட்டினது சும்மா டெஸ்டிங்கு. அதுக்கே திட்டு வாங்கினேன்."

"எங்க சாரா?"

"அவருதானே கட்டடக் கமிட்டில இருக்காரு. பார்ட்டு வந்து மூணு மாசமாச்சு. மாட்டிடவான்னு கேக்குறப்பல்லாம் இப்போ வேணாம், அப்புறம் பாக்கலாம்பாரு. என்னான்னு எனக்கு எப்படித் தெரியும்? நமக்கென்ன, சொன்னதைச் செய்யறோம்."

மில்லி படியில் உட்கார்ந்துவிட்டாள். சாருக்குத் தெரியும். மூன்று மாதமாகத் தெரியும். அவள் இரவும் பகலும் அலைகளை எண்ணி அட்டவணை போட்டபோது அவருக்குத் தெரியும். அவருடைய மேசையில் அவள் ஒவ்வொரு அத்தியாயமாகக் கொண்டுபோய் வைத்தபோதும் தெரியும். கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் முழுக் கோபம் வரவில்லை. ஐந்து நிமிடம் முன்பு அதே ஆளிடம் அதையேதானே அவளும் கேட்டாள்? யோக்கியமாகக் கோபப்படும் உரிமையையும் இழந்துவிட்டோமே என்பது அவளுக்கு எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருந்தது.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், எல்லாம் தானாக நடந்துவிடும். அவளுக்காக எல்லாம் ஏற்பாடாகியிருந்தது.

வெள்ளிக்கிழமை வந்த வெளித்தேர்வாளர் தொப்பையும் நல்ல மனசும் உள்ளவர். நாலு மாடி ஏறி வந்து, "பட்டம் வாங்கப்போறது நீங்க, மூச்சு வாங்குறது நானு" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். மில்லி நாற்பது நிமிடம் பேசினாள். என்ன பேசினோம் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. வாய் தன் பாட்டுக்குப் பேசியது. காது முழுக்கப் பின்சுவரில் இருந்தது.

பிறகு ஸ்டோர் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். இஸ்திரி போட்ட உடையில், கல்யாண வீட்டு ஆள் மாதிரி வந்திருந்தாள். அலை அழகாக எழுந்தது.

தேர்வாளர் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தார். "பிரமாதம். எங்க ஊர் ஆஸ்பத்திரில அவசர வார்டுக்கு இப்படி ஒண்ணைத்தான் தேடிக்கிட்டிருக்காங்க. நானே எழுதித் தரேன். இது எங்கே வெச்சாலும் இப்படியே வேலை செய்யும், இல்லையா?"

"சந்தேகமே வேண்டாம் சார்" என்றார் புரொஃபசர்.

தேர்வாளர் பேனா மூடியைத் திறந்தார். மில்லிக்கு அந்த அவசர வார்டு கண்முன் தெரிந்தது. அங்கே ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து உட்காருவார். பக்கத்தில் லிஃப்ட் ஓடும். திரையில் குப்பை வரும். அதைப் பார்த்து யாரோ ஒரு டாக்டர், உண்மையான டாக்டர், ஒரு முடிவு எடுப்பார்.

"சார், லிஃப்டை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க."

புரொஃபசர் முகத்தில் ஈயாடவில்லை. "லிஃப்ட் ரிப்பேர்ல இருக்கு சார். இவ பதட்டத்துல ஏதோ..."

"ரிப்பேர் முடிஞ்சிருச்சு. மெக்கானிக் கீழதான் இருக்காரு" என்றாள் மில்லி.

தேர்வாளர் ஆளனுப்பினார். இரண்டு நிமிடத்தில் பின்சுவர் முனகியது. அக்காவின் இதயம் திரையில் சுக்குநூறானது.

தேர்வாளர் பேனாவை மூடினார். ஆய்வேட்டைப் புரட்டி முதல் அட்டவணையில் விரலை வைத்துக்கொண்டு, நாற்காலியைப் பார்த்துக் கேட்டார். "அம்மா, இந்த லிஃப்ட் எப்போ நின்னுச்சு?"

"மார்ச்சு மூணாந்தேதி, திங்கக்கிழமை" என்றாள் அக்கா, யோசிக்காமல். ஏறி இறங்கியவளுக்கு மறக்குமா?

அட்டவணையில் முதல் அளவீட்டின் தேதி மார்ச் ஆறு. தேர்வாளர் அந்தப் பக்கத்தைப் புரொஃபசர் பக்கம் திருப்பி வைத்தார். "உங்களுக்கு இது தெரியுமா?" என்று பொதுவாகக் கேட்டார்.

"எனக்கும் இப்பதான்..." என்று புரொஃபசர் ஆரம்பித்தார்.

"எனக்குப் புதன்கிழமையே தெரியும் சார்" என்றாள் மில்லி. "மெக்கானிக்கிட்ட போய், லிஃப்டை ரெண்டு நாள் ஓட்ட வேண்டாம்னு கேட்டேன். அதுக்கு முன்னாலேயே எங்க சார் சொல்லிவெச்சிருந்தாரு. மூணு மாசமா சொல்லிட்டிருந்தாராம்."

எல்லா அளவீடுகளையும் திரும்ப எடுத்து, ஆய்வேட்டை மாற்றி எழுதிக் கொண்டுவரச் சொல்லி ஓராண்டு அவகாசம் எழுதினார் தேர்வாளர். நிறுவனத்தின் வேலை அங்கேயே போயிற்று. புரொஃபசர் அவளைப் பார்க்காமல், தேர்வாளரின் பையைத் தானே தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனார். அறையில் மில்லியும் அக்காவும் மட்டும் மிச்சம்.

அக்கா இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மடியில் கிடந்த சாவிக்கொத்தை விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அப்போ பார்ட்டு வந்தப்புறமும் நான் மூணு மாசம் படியேறினது, இந்தக் கோடு நேரா வர்றதுக்காகவா?"

"ஆமாக்கா."

"அவரு பெரிய மனுஷன், என்னை ஆளாவே நினைச்சிருக்க மாட்டாரு. விடு." அக்கா கைப்பிடியை ஊன்றி எழுந்தாள். வலி முகத்தில் தெரிந்தது. "நீ அந்த ரெண்டு நாளை என்கிட்ட கேட்டிருக்கலாமே. நானே ஏறியிருப்பேன். ரெண்டு நாள் என்ன, உனக்காக இன்னும் ரெண்டு மாசம் ஏறச் சொல்லியிருந்தாலும் ஏறியிருப்பேன். மெக்கானிக்கிட்ட போகணும்னு தோணின உனக்கு, ஏறுறவகிட்ட கேட்கணும்னு தோணலையா?"

மூன்று நாளாக அவள் பயந்த எதிலும் இந்தக் கேள்வி இல்லை.

அக்கா மெல்ல நடந்துபோய் லிஃப்டின் பொத்தானை அழுத்தினாள். கதவு திறந்தது. உள்ளே போனவள் திரும்பிப் பார்க்கவுமில்லை, கூப்பிடவுமில்லை.