கொண்டை ஊசி வளைவைத் தாண்டி

பஸ் டிரைவர் இருமினார். சிஸ்டர் நீட்டிய கிண்ணம் மறுபடியும் சிவந்தது. காலையிலிருந்தே இப்படித்தான்.

எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் உச்சியில் ஒரு வெள்ளைத் திட்டு. என்றோ வந்து ஆறிய காசநோயின் தழும்பு. அந்தத் தழும்புக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயை சி.டி. ஸ்கேன் காட்டியது. நூலாக இருக்க வேண்டியது பென்சில் கனத்துக்கு வீங்கிச் சுருண்டு கிடந்தது. அதன் கிளைகளில் ஏதோ ஒன்று கிழிந்திருக்கிறது. அதை உள்ளிருந்தே அடைக்க வேண்டும். கத்தி கிடையாது. தொடையில் ஒரு ஊசித் துளை. அதன் வழியாக, படத்தைப் பார்த்துக்கொண்டே நெஞ்சு வரை போக வேண்டும். ரேடியாலஜி டாக்டரான அவளுக்கு அதுதான் வேலை.

வாசலில் டிரைவரின் மனைவியும் தம்பியும் நின்றார்கள்.

"நீங்க படம் எடுக்குற டாக்டர்தானே?" என்றான் தம்பி. "ஆபரேஷன் பண்ற டாக்டர் எப்ப வருவாரு?"

"வந்தாச்சு."

அவன் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை.

"நீங்க கொஞ்சம் வாயை மூடுங்க தம்பி," என்றாள் அண்ணி.

டாக்டர் மனைவியிடம் சொன்னாள். "அடைச்சா ரத்தம் நின்னுடும். ஆனா ஒரு ஆபத்து இருக்கு. சில பேருக்கு இந்தக் குழாய்லேருந்து ஒரு கிளை தண்டுவடத்துக்குப் போகும். தலைமுடி கனம்தான். அதையும் சேர்த்து அடைச்சுட்டா ரெண்டு காலும் விளங்காமப் போயிடும்."

"இவருக்கு அந்தக் கிளை இருக்கா?"

"உள்ள போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

"செய்யலைன்னா?"

"நுரையீரல் ரத்தத்துல நிறைஞ்சிடும்."

மனைவி கையெழுத்துப் போட்டாள். "பஸ் ஓட்டுறதைத் தவிர அந்த மனுஷனுக்கு ஒண்ணும் தெரியாது டாக்டரம்மா. சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியாது."

உள்ளே குளிர். எந்திரத்துக்காக வைத்த குளிர். டிரைவர் மேசைமேல் விழித்தபடி படுத்திருந்தார். தொடையில் மட்டும் மரப்பு ஊசி போட்டிருந்தது. டாக்டர் எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் ஈய அங்கியின் பட்டையை இறுக்கினாள். அல்ட்ராசவுண்ட் திரையில் ஒரு கருவட்டம் துடித்தது. அதன் நடுவில் ஊசியை இறக்கினாள். ஊசி வழியாகக் கம்பி. கம்பிமேல் குழாய். காலடியில் இருந்த பெடலை மிதித்தாள். எக்ஸ்ரே திரையில் அவர் விலா எலும்புகள் தோன்றின.

"நீங்களும் மிதிச்சுத்தான் ஓட்டுறீங்களா?" என்றார் டிரைவர்.

"ஆமா. பயணி ஒருத்தர்தான். கொஞ்சம் பேசுற பயணி."

அவர் சிரிக்கப் போய் இருமினார்.

"நடுநடுவுல காலை அசைக்கச் சொல்வேன்," என்றாள் அவள். "பாதத்தை மட்டும் அழுத்துங்க. முழங்கால் மடங்கக் கூடாது. வலதுன்னா வலது, இடதுன்னா இடது."

"அது குழம்பிடும். பிரேக்குன்னு சொல்லுங்க, கிளட்ச்னு சொல்லுங்க. தூக்கத்துலகூடத் தப்பாது."

"சரி. மூச்சைப் பிடிங்கன்னா மட்டும் நகம்கூட அசையக் கூடாது. அசைஞ்சா படம் கலங்கிடும்."

"புரியுது. இனிமே டிரைவரோட பேச மாட்டேன்."

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து டெக்னீஷியன் மைக்கில் சொன்னான். "மூச்சை இழுங்க. பிடிங்க."

சாய மருந்து பாய்ந்தது. எந்திரம் படத்திலிருந்து எலும்புகளை அழித்துவிட்டு ரத்தக்குழாயை மட்டும் காட்டியது. கறுப்பு மரம் ஒன்று கிளை விரித்தது.

"விடுங்க."

அடிமரத்தை ஒட்டி ஒரு முடி. மேலே ஏறி, சட்டென்று மடங்கி, நேராகக் கீழே இறங்கியது. மலைப் பாதையின் கொண்டை ஊசி வளைவு. தண்டுவடத்துக்குப் போகும் கிளை. இவருக்கு இருக்கிறது.

நுரையீரல் டாக்டர் உள்ளே வந்து அவள் காதருகே குனிந்தார். "அடைச்சிடும்மா. இன்னொரு தடவை இப்படி இருமினா தாங்க மாட்டாரு. முதல்ல உயிரு. காலைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

"ரெண்டும் சார்."

"முடியுமா?"

"முடியும்."

குழாய்க்குள் இன்னொரு குழாயை விட்டாள். நூல் கனம். கண் திரையில் இருந்தது. விரல்கள் கம்பியைத் திருகின. நுனி அந்த முடியின் வாய் வரை போனது. டிரைவர் இருமினார். நுனி வழுக்கி வெளியே வந்தது. மறுபடி போனாள். மறுபடி இருமல். மூன்றாம் முறை அவள் அவசரப்படவில்லை. இருமல் முழுதாக ஓயட்டும் என்று நின்றாள். ஓய்ந்ததும், அடுத்த இருமல் வருவதற்குள் அந்த வளைவு பிரியும் இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

குழாயை அடைக்க மணலைவிட நுண்ணிய துகள்கள். சொட்டுச் சொட்டாக அனுப்பினாள்.

"பிரேக்."

வலது பாதம் அழுந்தியது.

"கிளட்ச்."

இடது.

இன்னும் கொஞ்சம். பிரேக். கிளட்ச். இன்னும் கொஞ்சம்.

"மூச்சை இழுங்க. பிடிங்க."

படம் வந்தது. கிளைகள் எல்லாம் மறைந்து மரம் மொட்டையாக நின்றது. கொண்டை ஊசியும் தெரியவில்லை. குழாய் அதைத் தாண்டி நின்றால் சாயம் அதற்குள் போகாது, படத்தில் தெரியாது. அடைபட்டுப் போயிருந்தாலும் தெரியாது. இரண்டுக்கும் படம் ஒன்றுதான்.

"கிளட்ச்."

பாதம் அசையவில்லை.

"பிரேக்."

அதுவும் அசையவில்லை. சிஸ்டர் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் துகள் இருந்த சிரிஞ்சிலிருந்து கையை எடுத்தாள்.

"டிரைவர் சார்?"

அவள் முதல் முறையாகத் திரையை விட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். கன்னம் உப்பியிருந்தது. முகம் கன்றிப் போயிருந்தது. கண்கள் அவளையே பார்த்து உருண்டன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெக்னீஷியன் படத்தைப் பார்த்தபடி வாய் பிளந்து நின்றான். ஒருவரும் அந்த ஒரு சொல்லைச் சொல்லவில்லை.

"விடுங்க!" என்று கத்தினாள்.

மூச்சு புஸ்ஸென்று வந்தது. இரண்டு பாதங்களும் ஒன்றாக அழுந்தின.

"நகம்கூட அசையக் கூடாதுங்கிறீங்க," என்றார் மூச்சு வாங்கியபடி. "அப்புறம் கிளட்ச்சுங்கிறீங்க. நான் எதைக் கேக்குறது?"

மறுபடி இருமினார். கிண்ணத்தில் பழைய கறுத்த ரத்தம் கொஞ்சம். புதுச் சிவப்பு இல்லை.

"சாரி மேடம்," என்றது மைக்.

"நானும்தான் பாத்துக்கிட்டே நின்னுட்டேன்."

குழாயைப் பின்னுக்கு இழுத்து மெல்ல ஒரு படம் எடுத்தாள். இந்த முறை "விடுங்க" என்று இரண்டு குரல்கள் சேர்ந்து ஒலித்தன. முடி அங்கேயே இருந்தது. ஏறி, மடங்கி, இறங்கி.

கண்ணாடிக்குப் பின்னால் போயிருந்த நுரையீரல் டாக்டர் மைக்கை வாங்கினார். "அந்தப் படத்தை எனக்கு அனுப்பும்மா. எங்க பசங்களுக்குக் காட்டணும்."

"அனுப்புறேன் சார். எடுத்தது யாருன்னும் சொல்லுங்க."

வெளியே மனைவி எழுந்து நின்றாள்.

"ரத்தம் நின்னுடுச்சு. ரெண்டு காலும் நல்லா இருக்கு."

மனைவி கைகூப்பினாள். "கடவுள்தான் காப்பாத்தினாரு."

"பக்கத்துல நானும் நின்னேன்," என்றாள் டாக்டர்.

மனைவிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தம்பி போனில் உறவினர் யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தான். "இல்ல மாமா, வேற டாக்டர் வரல. இந்த அம்மாவேதான். படம் எடுக்குறதும் அவங்கதான், அடைக்கிறதும் அவங்கதான். நீங்க கொஞ்சம் நான் சொல்றதைக் கேளுங்க."

மறுநாள் காலை வார்டில் டிரைவரை எழுப்பி நிற்க வைத்தார்கள். சிஸ்டர் கை கொடுத்தாள். வேண்டாம் என்றார். கட்டிலிலிருந்து ஜன்னல் வரை நடந்தார்.

"மெல்லப் போங்க," என்றாள் மனைவி. "யாரும் ஸ்டாப்பிங்ல காத்துக்கிட்டு நிக்கல."

அது டாக்டர் வர வேண்டிய வார்டு அல்ல. வந்து கதவோரம் நின்றிருந்தாள். அவர் பாதங்களையே பார்த்தாள். பையில் போன் அடித்தது. அடுத்த நோயாளி மேசையில் தயார்.

"ரெண்டு நிமிஷம்," என்றாள்.

அவர் இன்னொரு முறை ஜன்னல் வரை போய்த் திரும்பும் வரை நின்றாள்.