தனி வரியில் ஓர் அடைப்புக்குறி

லிஸ்ப் மொழியில் நிரல் எழுதுகிறவர்கள், பட்டியலில் பெயருக்கு ஒரு வரி எழுதினாலும், கடைசிப் பெயருக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறியை மூடிவிடுவார்கள். ‘மாடிப்படி’ மட்டும் பெயருக்கு ஒரு வரி, மூடும் குறிக்கும் தனி வரி என்று இறக்கிக்கொண்டே போவாள். அதனால்தான் அலுவலகத்தில் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர். வைத்தவன், எதிர் மேசையில் வேலை பார்க்கும் அவள் சொந்தத் தம்பி.

“உலகத்துல ஒருத்தரும் இப்படி எழுதறதில்லக்கா. மானம் போகுது.”

“என் மானம் என்கிட்ட பத்திரமா இருக்கு. நீ உன் வேலையப் பாரு.”

அன்று, அக்காவும் தம்பியும் ஆளுக்கொன்றாகக் கவனித்த பஸ் தடங்கள் இரண்டும் போய் முடியும் கடைசி நிறுத்தத்தைச் சாலை வேலைக்காக மூடிவிட்டார்கள். பஸ் நிறுத்தங்களில் ஓடும் மின் அறிவிப்புப் பலகைகளிலிருந்து அதை நீக்க, இருவரும் தங்கள் பட்டியலில் அந்தப் பெயர் இருந்த வரியின் தலையில் ஓர் அரைப்புள்ளி வைத்தார்கள். அரைப்புள்ளிக்குப் பின்னால் அந்த வரியில் என்ன இருந்தாலும் லிஸ்ப் கண்டுகொள்ளாது. தம்பியின் பட்டியலில் பெயரோடு மூடும் குறியும் போயிற்று. பட்டியல் மூடப்படாததால் அவன் பலகைகள் இருண்டன. அக்காவின் குறி கீழ் வரியில் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தது; அவள் பலகைகள் ஓடின.

மாடிப்படி எழுந்து வந்து அவன் திரையைப் பார்த்தாள்.

“ஆள வெளிய அனுப்பச் சொன்னா, கதவையும் பேத்துக் கொடுத்து அனுப்பிட்டியேடா!”

“சரிக்கா, ஆனா உன்னோடது பாக்க அசிங்கமா இருக்குல்ல?”

“அழகு பாக்கணும்னா கண்ணாடி முன்னாடி போய் நில்லு. இங்க பஸ் ஓடணும்.”

அவன் பட்டியலில் மூடும் குறிக்கு முன்னால் கர்சரை வைத்து, அறை முழுக்கக் கேட்கும்படி ஓர் என்டர் தட்டினாள். குறி கீழே இறங்கியது. பலகைகள் விழித்துக்கொண்டன.