கடைவாய்ப் பல்லும் தீபாவளி போனஸும்

விடியுமுன்பே கிரைண்டர்கள் உறுமத் தொடங்கிவிட்டன. அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக் பக்கத்து இட்லி மாவுக் கம்பெனியில், முழங்கை வரை உளுந்து நுரையோடு நின்றாள் கலாவதி. ஐஸ் தண்ணீரில் விரல்கள் மரத்துப்போயின. கடைவாய்ப் பல் மட்டும் மரத்துப்போவேனா என்றது. கன்னம் கொழுக்கட்டையாய் வீங்கியிருந்தது.

இன்று அந்தப் பல்லுக்கு வைத்தியம் நடந்திருக்க வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவி கார்டில் இலவசம். நேற்று கிளினிக்கிலிருந்து போன் வந்தது: கார்டு செல்லாதாம்!

எல்லாம் தீபாவளி போனஸ் செய்த வேலை. முதலாளி ராமசுப்ரமணியன் போன மாதம் எல்லோருக்கும் மைசூர்பாகுப் பெட்டியோடு ஒரு செக்கும் கொடுத்தார். கலாவதிக்கு ஒன்று, வேன் ஓட்டும் அவள் புருஷன் அச்சுதனுக்கு ஒன்று. தனித்தனியாகப் பார்த்தால் அற்பக் காசு. ஆனால் அரசாங்கம் புருஷன் பெண்டாட்டி வருமானத்தைச் சேர்த்தல்லவா பார்க்கிறது! வந்ததை மறைப்பது பாவமென்று அச்சுதன் மறுநாளே ஆன்லைனில் பதிந்துவிட்டான். வரம்பு தாண்டிவிட்டது. பல் டாக்டரிடம் கைக்காசு கொடுத்துப் போனால், இரண்டு செக்கையும் விழுங்கி ஏப்பம் விட்டுவிடுவார். நேர்மைக்குக் கிடைத்த கூலி இது.

காபி கப்போடு முதலாளி உள்ளே வந்தார்.

"என்ன கலா, ஒரு பக்கம் வீங்கியிருக்கு?"

"பல்லு சார். போனஸால கார்டு கட் ஆயிடுச்சு. எங்களுக்கெல்லாம் டென்டலோட இன்சூரன்ஸ் போட்டுக் குடுங்க."

"நல்லது பண்ணா இதுதான் மரியாதையா? அடுத்த வருஷம் போனஸ் வேணாம்னு சொல்லிடு, பிரச்சனை முடிஞ்சுது."

"நாள் பூரா உழைச்சும் கவர்மென்ட் தயவுல நிக்கிறோமே சார், அதைத்தான் சொல்றேன்."

"இன்சூரன்ஸ் போட்டா கம்பெனிய இழுத்து மூட வேண்டியதுதான். நாமெல்லாம் ஒரே ஃபேமிலி. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணும்மா."

பக்கத்துக் கிரைண்டரில் நின்ற கிருபாராணி நிமிர்ந்தாள். "ஃபேமிலின்னா உங்க பல்லைப் பாக்குற டாக்டர்கிட்டயே எங்களையும் அனுப்புங்க சார்."

முதலாளி தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"எனக்கு ரெண்டு பல்லு போச்சு அக்கா. அடைக்க வழியில்லாம பிடுங்கிட்டு வந்தேன். யார்கிட்டயும் சொல்லல" என்றாள் கிருபாராணி. சொல்லிவிட்டுத் தன் கிரைண்டரை நிறுத்தினாள். பாக்கெட் போடும் கிரீஷும் மெஷினை அணைத்தான். அச்சுதன் வேன் சாவியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான்.

கலாவதி யோசித்தாள். வேலை போனால் வாடகைக்கு எங்கே போவது? ஆனால் தொட்டி தொட்டியாய் உளுந்து ஊறிக் கிடந்தது. மத்தியானம் வரைக்கும் தாங்காது, புளித்துப் பாழாகிவிடும். சனிக்கிழமை ஆர்டர் முழுக்க அதில்தான் இருந்தது. அது முதலாளிக்கும் தெரியும்.

அவள் தன் கிரைண்டரையும் அணைத்தாள். அந்த அமைதியில் அறைக்கதவு கொஞ்சம் திறந்தது.

கிருபாராணி ஒரு டம்ளரில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை நீட்டினாள்.

"கொப்புளிச்சிட்டு வாங்க அக்கா. சார்கிட்ட நீங்கதான் பேசணும். நாங்க பின்னாலயே நிக்கிறோம்."