மாமன்னரின் வலக்கை

தாவ் ரூஷின் பதினேழு வயதில் அரண்மனை நூலகத்தில் ஏடுகளைப் படியெடுக்கும் பெண்ணாகச் சேர்ந்தாள். அப்போது ஹெங் வெறும் ஏழாவது இளவரசன். யாரும் அவனைக் கண்டுகொள்வதில்லை. குளிர்காய வருவதாகச் சொல்லிக்கொண்டு நூலகத்துக் கணப்பருகே வந்து உட்காருவான். அவன் குளிருக்காக வரவில்லை என்பது தை பிறப்பதற்குள் இருவருக்குமே தெரிந்துவிட்டது.

அண்ணன்மார் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்த பிறகு அரியணை ஹெங்குக்கு வந்தது. ஆனால் வடக்கு வாசல் சண்டையில் ஒரு வாள் அவனுடைய வலது மணிக்கட்டு நரம்பை அறுத்திருந்தது. புண் ஆறியும் விரல்கள் தேறவில்லை. தூரிகையைப் பிடித்தால் கோடு மண்புழுவாய் நெளிந்தது. அங்கஹீனன் அரியணையில் அமரக் கூடாது என்பது அந்த வம்சத்தின் சட்டம். அதற்காகவே சிற்றப்பன்மார் மூன்று பேர் காத்திருந்தார்கள்.

அதனால் ரூஷின் எழுதினாள். அவனுடைய எழுத்தின் சாய்வு, அழுத்தம், அவசரம் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆறு வருஷம் நாட்டை ஆண்ட ஆணைகள் அத்தனையும் அவள் கையால் வந்தவை. அரசியாக்குகிறேன் என்றுதான் ஹெங் சொல்லியிருந்தான். பிறகு பட்டத்தரசியாக ஒரு மந்திரியின் மகள் வந்தாள். ரூஷின் திரைக்குப் பின்னாலேயே இருந்தாள்.

ஆறாவது வருஷம், எல்லையில் எழுபதாயிரம் பேர் கொண்ட படையை வைத்திருந்த தளபதி மூ லியே எதிரியோடு சேர்ந்துவிட்டதாக ஒரு கடிதம் வந்தது. தளபதி நஞ்சருந்திச் சாக வேண்டும் என்ற ஆணையை ஹெங் சொல்லச் சொல்ல, ரூஷினின் கை பாதியில் நின்றது.

"அவர்தான உங்கள அரியணையில ஏத்தி வெச்சவரு?"

"ஏத்தினவனுக்கு இறக்கவும் தெரியும். எழுது."

எழுதினாள். அன்றைக்கு மறுத்திருக்கலாம் என்று பின்னால் எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டாள். கிழத்தளபதி ஆணையைத் தலைக்கு மேல் தூக்கி வணங்கிவிட்டு, கிண்ணத்தை ஒரே மூச்சில் குடித்தாராம்.

கடிதம் எதிரி கட்டிவிட்ட பொய் என்பது இரண்டு மாதத்தில் வெளிப்பட்டது. மூ லியேவின் மகன் மூ ஷாவோ படையோடு தலைநகரை நோக்கித் திரும்பினான். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: என் அப்பாவைக் கொன்றது யார்?

படை நகர மதிலுக்கு வெளியே கூடாரமடித்த அன்று நடுப்பகலில் ஹெங் அவள் அறைக்கு வந்தான். உட்காரவில்லை.

"ஆணை போலின்னு அறிவிக்கப்போறேன்."

"போலின்னா, எழுதினது யாருன்னு கேப்பாங்களே."

அவன் பார்வை அவள் விரல்களில் விழுந்தது. ரூஷினுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்புதான் வந்தது.

"ஓ… அதுக்குத்தான் இந்த வெயில்ல நடந்து வந்தீங்களா?"

"உசிருக்கு ஒண்ணும் வராது ரூஷின். உன்மேல ஒரு கீறல்கூட விழ விடமாட்டேன். முன்னோர் சமாதியில மூணு வருஷம் ஊழியம், அவ்வளவுதான். நானே ஆளனுப்பிக் கூட்டிட்டு வருவேன்."

"நான் மாட்டேன்னா?"

"மாட்டேன்னு நீ சொல்லமாட்ட." அதை அவன் அன்பாகத்தான் சொன்னான். அதுதான் அவளைச் சுட்டது.

மறுநாள் காலை சபையில் மூ ஷாவோ துக்கத்துக்குரிய வெள்ளை உடையில் நின்றான்.

"இத எழுதினது நீயா?"

"நான்தான்."

"யாரு எழுதச் சொன்னது?"

அவள் தலை நிமிர்ந்தாள். ஹெங்கின் வலக்கை பட்டு அங்கியின் கைக்குள் மறைந்திருந்தது. 'மாமன்னர் கையில் ஒரு தூரிகையைக் கொடுங்கள்' என்று ஒரே ஒரு வாக்கியம் போதும். சிற்றப்பன்மார் மூவரும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது.

"யாரும் சொல்லல."

"அப்புறம் ஏன் எழுதின? எங்கப்பா உனக்கு என்ன செஞ்சாரு?"

"ஒரு தரம் எல்லாரு முன்னாடியும் என்னத் திட்டினாரு."

சபையில் யாரும் அதை நம்பவில்லை. மூ ஷாவோவும் நம்பவில்லை. அவன் வெகுநேரம் அரியணையையே பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில் சொன்னான்: "பொண்ணு உசிரு எனக்கு வேணாம். அந்த விரலுங்க மட்டும் இனிமே எழுதக் கூடாது."

ஹெங் தலையசைத்தான். யோசிக்கக்கூட இல்லை. முற்றத்தில் அவளை மண்டியிட வைத்து, விரல்களுக்கிடையே கட்டைகளைச் செருகிக் கயிற்றை இருபுறமும் இழுத்தார்கள். அவள் மயங்கி விழுவதற்குமுன் காதில் விழுந்தது அவன் குரல். மூ ஷாவோவின் பெருந்தன்மையை மெச்சிக்கொண்டிருந்தான்.

கல்மான் மலையில் முன்னோர் சமாதிகள். விரல்கள் மடங்காததால் துடைப்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு பெருக்கினாள். முதல் வருஷமெல்லாம் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது வருஷம், நூலகத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், மாமன்னர் அடிக்கடி அங்கே போகிறார் என்று மலைக்கு அரிசி கொண்டுவந்தவன் சொன்னான். மூன்று வருஷம் முடிந்தது. யாரும் வரவில்லை. எப்படியும் அவனை நெஞ்சு உறுத்திக்கொண்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவளால் கஞ்சி குடிக்க முடிந்தது.

ஐந்தாவது வருஷம் இலையுதிர்காலத்தில், அந்தப்புர ஊழியர் கெங் கழுதைமேல் வந்து இறங்கினார். ஹெங்கின் அறையில் இருபது வருஷம் இருந்தவர். வெள்ளைத் துணி கட்டியிருந்தார்.

"மாமன்னர் போயிட்டாரு தங்கச்சி. ஜுரம், ஆறே நாளு."

ரூஷின் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"உன்ன விடுதலை பண்ணச் சொல்லி பட்டத்தரசி உத்தரவு, இப்ப அவங்கதான ராஜமாதா. சவ ஊர்வலம் இங்க வர்றதுக்குள்ள நீ கெளம்பிடணும்."

"ராஜமாதாவுக்கு என்மேல என்ன திடீர் பாசம்?"

"பாசமா? செத்தப்புறமும் அவரு பக்கத்துல நீ இருக்கக் கூடாதாம்."

கேட்கக் கூடாது என்று நினைத்தாள். கேட்டுவிட்டாள். "கெங் அண்ணே… என்னப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

கெங் கழுதையின் கழுத்தைத் தடவினார். "கேட்டாருன்னு சொன்னா உனக்கு நிம்மதியா இருக்குமா?"

"நெசத்தச் சொல்லுங்க."

"கேக்கல தாயி. இந்த அஞ்சு வருஷத்துல ஒரு தரம்கூட உன் பேர அவரு வாயிலருந்து நான் கேக்கல. கடைசியில தேன்தண்ணி கேட்டாரு. ரெண்டு மடக்கு குடிச்சாரு. அவ்வளவுதான்."

ரூஷின் குனிந்தாள். அழப்போகிறாள் என்று கெங் நினைத்தார். அவள் தரையில் காறித் துப்பினாள்.

மறுநாள் காலை மூட்டையைத் தோளில் மாட்டி மலையிறங்கினாள். பாதி வழியில் ஊர்வலம் எதிரே வந்துவிட்டது. சாலையோரம் எல்லாரும் விழுந்து வணங்கினார்கள். அவளும் மண்டியிட்டாள். கோணிய விரல்கள் தரையில் படியவில்லை.

"கைய விரிச்சு வெச்சுக் கும்பிடு!" என்று ஒரு வீரன் ஈட்டிக் காம்பால் முதுகில் குத்தினான்.

"விரியாதுய்யா," என்றாள்.

சவப்பெட்டி கடந்து போனது. புழுதி அடங்கியதும் எழுந்து, பக்கத்தில் நின்ற முள்ளங்கிக்காரியிடம் படகுத்துறைக்கு எந்தப் பக்கம் போகவேண்டும் என்று கேட்டாள்.