யார் கை நனைத்தது

எங்கள் பக்கத்தில் இன்னொருவர் வீட்டில் சோறு, கறி என்று சாப்பிடுவதைக் கை நனைப்பது என்பார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் காபி குடிக்கலாம், மிச்சர் கொறிக்கலாம், லட்டில் பாதியைப் பிட்டுத் தின்றுவிட்டு மீதியைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். கை மட்டும் நனைக்கக் கூடாது. நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. பெண்ணுக்குச் சம்மதம் என்று காட்ட இந்த மாதிரி ஏதாவது வழக்கம் உண்டா என்றால், எனக்குத் தெரிந்து இல்லை.

இந்தக் கதையில் பெண் நான்தான். பெயர் கனிஷ்கா, வயது இருபத்தெட்டு, சிங்காநல்லூரில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் வேலை. அப்பா தம்பிதுரை அதே சிங்காநல்லூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். மேட்டுப்பாளையம் தாண்டி, பவானி ஓரமாக எங்களுக்கு மூன்று ஏக்கர் பாக்குத்தோப்பு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அப்பாவை அங்கேதான் பார்க்கலாம்.

ஐம்பது வயதுக்குமேல் அப்பாவுக்கு இரண்டு பைத்தியம் பிடித்தது. முதலாவது, புகை போட்ட கறி. அமெரிக்காவில் யாரோ கறியைப் பதினாலு மணி நேரம் புகையில் வைத்து எடுப்பதை யூடியூபில் பார்த்துவிட்டு, பட்டறையில் கிடந்த ஆயில் டிரம்மைப் படுக்கவைத்து அறுத்தார். கீல் வைத்து மூடி போட்டு, பாய்லரில் மாட்டுகிற சூட்டு மீட்டர் ஒன்றையும் அதில் பொருத்தினார். முதல் தடவை வேப்பங்கட்டையைப் போட்டு எரித்தார். ஒரு முழு வெள்ளாட்டுத் தொடை கஷாயமாகப் போனது. "ஏனுங்க, இந்த ஆட்டுக்குச் சாகறதுக்கு முந்தி காய்ச்சலுங்களா?" என்று அம்மா கேட்டாள். அப்புறம் கொய்யாக்கட்டைக்கு மாறினார். மஞ்சள், மிளகு, மல்லி, உப்பு தடவி ஊறவைத்து, தணிந்த சூட்டில் ஆறேழு மணி நேரம் புகை போட்டால் கறி எலும்பைவிட்டுத் தானாகக் கழன்று வரும். அதை அதிகம் சாப்பிடுவது அம்மாதான். வாய் குறை சொல்லிக்கொண்டே இருக்கும், கை போய்க்கொண்டே இருக்கும்.

இரண்டாவது பைத்தியம் ஈத்தூண்டில். இதில் புழு கிடையாது. சேவல் இறகைச் சின்ன முள்ளில் நூலால் சுற்றி, ஈ மாதிரி செய்து கட்ட வேண்டும். நீளமான கயிற்றை முன்னும் பின்னும் வீசி, அந்தப் பொய் ஈயைத் தண்ணீர்மேல் பட்டும் படாமலும் உட்காரவைக்க வேண்டும். மீன் ஏமாந்து கவ்வினால் பிடித்து, பார்த்து, திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவோம். பிடித்ததையும் விட்டுவிட்டு வருவதற்கு எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது அம்மாவின் நியாயமான கேள்வி. பட்டறையில் ஆர்டர் குறைந்த வருஷத்தில்தான் அப்பா இதை ஆரம்பித்தார். யாராவது போன் செய்து அவரைக் கேட்டால், "பட்டறையில ஈ ஓட்டறது பத்தலைன்னு ஆத்துல ஓட்டப் போயிருக்கறாருங்க" என்பாள்.

நாலு வருஷமாக நானும் அவரோடு போகிறேன். ஈக்களைக் கட்டுவது நான்தான், அப்பாவின் விரல்கள் அதற்குத் தடிமன். தண்ணீரில் இறங்கியதும், "எந்த ஈ போடலாம் கண்ணு?" என்று கேட்பார். நான் சொல்லாமல் அவர் ஒரு ஈயைக்கூட மாற்றியதில்லை. அந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு அப்பாவைப் பிடிக்கும்.

மாசி மாதம் பல்லடத்திலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. பையன் மனோஜ்குமார், கோழித்தீவன மில் நடத்துகிறான். அவனுக்கு அப்பா இல்லை. அவன் அம்மாவின் தம்பி கதிர்வேல்தான் அந்த வீட்டுக்கு வாய். சிங்காநல்லூர் வீட்டுக்கு வந்து பார்த்தார்கள். மாமா ஒன்றரை மணி நேரம் பேசினார், பையன் இரண்டு தடவை தொண்டையைச் செருமினான். மறுநாளே பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். நான் ஒரு மாதம் டைம் கேட்டேன். அதற்குள் அவனோடு ஒரு தடவை தனியாகப் பேச வேண்டும் என்றும் சொன்னேன். இரண்டுக்கும் அப்பா சரி என்றார்.

பேசுவதற்கு அமைந்ததுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் மேட்டுப்பாளையத்துக்குச் சாமி கும்பிட வருகிறார்கள், திரும்பும்போது தோப்பில் இறங்கி இளநீர் குடித்துவிட்டுப் போவார்கள் என்று ஏற்பாடு. அம்மா முந்தின நாளே எங்கள் இருவரையும் நிற்கவைத்துச் சொல்லிவிட்டாள். "தட்டத்துல மிச்சரும் பழமும் வெப்பம். எலை கிலைன்னு யாரும் எடுக்கப்படாது. இவ இன்னும் ஒரு வார்த்தை சொல்லுலை." அப்பா தலையாட்டினார். ஆனால் விடிகாலை ஐந்து மணிக்கே டிரம்மில் தொடையை ஏற்றிவிட்டார். அது நம் மத்தியானச் சாப்பாட்டுக்கு, வரப்போகிற ஒறம்பரைக்கு இல்லை என்றார்.

பதினொன்றரைக்கு வந்தார்கள். பையனின் அம்மா பாக்குமரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமா புகையைப் பார்த்து, "கொசு நெம்பங்களா?" என்று கேட்டார். அப்பா பதில் சொல்லும் சந்தோஷத்தில் டிரம்மின் சரித்திரத்தை ஆரம்பித்தார். நானும் மனோஜ்குமாரும் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு இறங்கினோம். கரை பத்தடி உயரம்தான். மேலிருந்து பார்த்தால் எல்லோருக்கும் தெரியும், பேசுவது மட்டும் கேட்காது.

ஈப் பெட்டியைத் திறந்து காட்டினேன். அவன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"இது சேவலோட கழுத்து எறகுங்களா?"

"ஆமாங்க."

"கறிக்கோழியில இந்த மினுக்கம் வராதுங்க. நாட்டுச்சேவல். ஒன்றரை வயசாச்சும் இருந்திருக்கோணும்."

சரியாகச் சொன்னான். இதற்குமுன் வந்த மூன்று பேரும், சமைப்பீங்களா என்றுதான் ஆரம்பித்தார்கள். இவன் சேவலில் ஆரம்பித்தது எனக்குப் பிடித்தது. அந்த ஈயையே கயிற்றில் கட்டி வீசிவிட்டு, அந்தத் தைரியத்தில் நேராகவே கேட்டுவிட்டேன்.

"உங்களுக்கு இந்தக் கண்ணாலத்துல இஷ்டமுங்களா?"

"நல்ல எடம்னு மாமா சொன்னாருங்க."

"நான் மாமாவைக் கேக்குலீங்க."

அவன் யோசித்தான். உண்மையிலேயே யோசித்தான், அது முகத்தில் தெரிந்தது. என்ன சொல்லியிருப்பானோ, அதற்குள் கயிறு இழுத்தது. ஒரு கெண்டை, முழங்கை நீளம் இருக்கும். இரண்டு நிமிஷம் போராடிவிட்டு காலடிக்கு வந்தது. மனோஜ்குமார் உதவி செய்கிற அவசரத்தில் காய்ந்த கையோடு குனிந்தான். மீனின் மேல் வழவழப்பாக ஒரு பூச்சு இருக்கும். காய்ந்த கை பட்டால் அது உரிந்துபோகும். திரும்ப விட்டாலும் அந்த இடத்தில் புண் வைத்துச் செத்துவிடும். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்க வேண்டுமே என்று உரக்கக் கத்தினேன்.

"கையை நனைங்க! மொதல்ல கையை நனைங்க!"

கரைமேல் எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். அவன் இரண்டு கையையும் தண்ணீரில் முக்கி, மீனைத் தாங்கிப் பிடித்தான். நான் முள்ளைக் கழற்றினேன். மீன் கொஞ்ச நேரம் அவன் கையிலேயே நின்று மூச்சு வாங்கிவிட்டு ஆழத்துக்குப் போனது. "வலிச்சிருக்குமுங்களா?" என்று கேட்டான். தெரியாது என்றேன். பிடிக்கவில்லை என்று சொல்வதற்கு அவனிடம் ஒன்றும் இல்லை. பிடித்திருக்கிறது என்று சொல்ல எனக்கு இன்னும் கொஞ்சம் நாள் வேண்டும், அவ்வளவுதான்.

நாங்கள் மேலே ஏறும்போது அப்பா டிரம்மின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார். அந்த வாசனைக்குப் பக்கத்தில் ஒருவர் சும்மா நிற்பதை அப்பாவால் பொறுக்க முடியாது. தபால்காரர் வந்தாலும் ஒரு துண்டு கிடைக்கும். கத்தியால் ஓரத்தில் ஒரு துண்டை நறுக்கி, "தம்பி, உப்புப் பாருங்க" என்று மனோஜ்குமாரின் கையில் வைத்தார். பையன் கோயிலுக்காக விடிந்ததிலிருந்து பச்சைத்தண்ணீர் குடிக்காதவன். வாயில் போட்டுக்கொண்டான். கண்ணை மூடி மென்றான். அப்பா இன்னொரு துண்டு கொடுத்தார், அதுவும் போனது. மிச்சர் தட்டத்தோடு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

மாமா கதிர்வேல் கையைத் தட்டிச் சிரித்தார். "அப்பறமென்னுங்க! பொண்ணே கை நனைக்கச் சொல்லிப்போட்டாங்க. பொண்ணோட அப்பா கறியை அறுத்துக் குடுத்துப்போட்டாரு. பையனும் நனைச்சுப்போட்டான். பேச்சு முடிஞ்சுதுங்க."

"அது மீனுக்குச் சொன்னதுங்க" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். மனோஜ்குமார் மட்டும் சிரிக்கவில்லை. விரலில் ஒட்டியிருந்த மசாலாவைத் துடைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றான். மாமாவுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. கரைமேலிருந்து மீனை அவரும்தான் பார்த்தார். விளையாட்டாகச் சொன்னார், யாரும் மறுக்கவில்லை, அதனால் அது நிஜமாகிவிட்டது. பத்து நிமிஷத்தில் அம்மா, இலை கூடாது என்ற அதே அம்மா, தோப்புக்குள் போய் வாழையிலை அறுத்துக்கொண்டு வந்தாள். எங்களுக்கு வடித்திருந்த சோறு எல்லோருக்கும் பங்கானது. நான் பரிமாறினேன். நீ உட்காரவில்லையா என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

திரும்பி வரும்போது காரில் அப்பாவைக் கேட்டேன். "ஏனுங்கப்பா, என்னையொரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்களா?"

"பையன் நல்லாத்தான இருக்கறான் கண்ணு. தட்டிக்கழிக்க என்ன இருக்குது?"

"அதில்லீங்கப்பா. ஒரு ஈயை மாத்தறதுக்கு என்னைக் கேக்கறீங்க. இதுக்கு ஏனுங்க கேக்குலை?"

பின்சீட்டிலிருந்து அம்மாதான் பதில் சொன்னாள். "கை நனைச்சதுக்கப்பறம் வேண்டாம்னு சொன்னா, அவங்களுக்குக் கேவலம்னு நெனைக்காத. நாலு சனம் நம்மளத்தான் பேசும்."

எனக்குக் கோபம் மனோஜ்குமார்மேல் இல்லை. பசித்தவன் சாப்பிட்டான். மாமாமேல்கூட அவ்வளவாக இல்லை, அவர் வேலை அது. கோபமெல்லாம் அப்பாமேல்தான். அன்று ராத்திரி பசிக்கவில்லை என்று படுத்துவிட்டேன். பசித்தது.

திங்கட்கிழமை காலை இட்லித்தட்டு என் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது. எதிரில் அப்பா பட்டறைக்குக் கிளம்பிச் சட்டையை மாட்டியபடி, என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போது போன் அடித்தது. கதிர்வேல் மாமா. அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் வருவது. அதனால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"வைகாசியில ரெண்டு முகூர்த்தம் நல்லாருக்குதுங்க. மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்துப்போடலாமுங்களா?"

அம்மா காலண்டரை எடுக்கச் சுவர்ப்பக்கம் போனாள். அப்பா சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க மச்சான், நேத்து கை நனைச்சது உங்க பையனுங்க."

"ஆமாங்க."

"எம்பொண்ணு இன்னும் சாப்புடுலீங்க."

அம்மா காலண்டரும் கையுமாகத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்க சொல்றீங்க?"

"உங்க ஊட்டுப் பையன் எங்ககிட்டக் கை நனைச்சுப்போட்டான். அவனுக்குச் சம்மதம், தெரிஞ்சுபோச்சுங்க. எம்பொண்ணு உங்க ஊட்டுல இன்னும் கை நனைக்குலீங்களே. அவ சம்மதம் எனக்கெப்படீங்க தெரியும்?"

"இதென்னங்க புதுசா? பொம்பளைப்புள்ளை எந்த ஊர்லீங்க கை நனைச்சுது?"

"வழக்கமில்லீங்கதான். நாம வெச்சுக்கலாமுங்க."

மாமா ஸ்பீக்கரில் பெருமூச்சு விட்டது சமையலறை வரைக்கும் கேட்டிருக்கும். "சரீங்க. அப்ப அம்மணி எப்பங்க வருது?"

அப்பா போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "எப்பக் கண்ணு போலாம்? போலாமா, வேண்டாமா?"

இந்தக் கல்யாணப் பேச்சில் என்னிடம் வந்த முதல் கேள்வி அதுதான். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அப்பா மூடிய கையை எடுக்கவே இல்லை. நான் அழுது முடிக்கும்வரை அவர் காத்திருந்தார், போனுக்குள் மாமாவும் காத்திருந்தார்.